ஒரே செல்லிலிருந்து ஒரு மரம்: மரபணு மாற்றிய மரங்களை ஆய்வகத்தில் உருவாக்குவது எப்படி

அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில் ஒரு மரபணுவைப் புகுத்தப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. பூத்து நிற்கும் கொத்தை, செடிக்குள் டிஎன்ஏவை அனுப்பும் ஆக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கலந்த கரைசலில் சில நொடி முக்கி எடுத்துவிட்டு, விதைக்காகக் காத்திருந்தால் போதும். நூறு விதையில் ஒன்றிரண்டு புதிய மரபணுவோடு முளைக்கும். விதை முதல் விதை வரை ஏறக்குறைய இரண்டு மாதம்.

மரத்திடம் இது பலிக்காது. பாப்லர் மரம் முதன்முதலாகப் பூக்கவே பல ஆண்டு ஆகும். பூத்தாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தன்மகரந்தச் சேர்க்கைக்கு வழியே இல்லை. அதனால் மரத்தில் வேலை செய்பவர்கள் பூவையும் விதையையும் விட்டுவிட்டு, இலையிலோ தண்டிலோ இருக்கும் ஒரு செல்லைப் பிடித்து, அதில் டிஎன்ஏவை நுழைத்து, அந்தச் செல்லையே முழு மரமாக வளர்த்தெடுக்கிறார்கள்.

இதில் மரபணுவை உள்ளே நுழைப்பதுதான் கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் முட்டுக்கட்டை அங்கே இல்லை. இலையை வெட்டினால் வெட்டுவாயில் ஏராளமான செல்கள் காயம்படும். அவற்றில் சில, பாக்டீரியாவிடமிருந்து டிஎன்ஏவை வாங்கிக்கொள்ளும். வேறு சில, ஹார்மோன் கொடுத்தால் மறுபடி பிரிந்து தளிராகும். இரண்டும் ஒரே செல்லில் நடந்தாக வேண்டும். பல மர இனங்களில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. டிஎன்ஏ வாங்கிய செல் அப்படியே செத்துப்போகும், தளிர்விடும் செல் டிஎன்ஏ இல்லாமலே தளிர்விடும். கீழே வரும் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு நாள் கணக்கும் இந்தச் சந்திப்பை நடத்திவைக்கத்தான்.

எந்த மரம்?

ஆய்வுக்கு எடுத்த எடுப்பில் பாப்லர்தான். குச்சியை நட்டால் வேர்விடும், வேகமாக வளரும், திசு வளர்ப்புக்கு நன்றாக இசைந்துகொடுக்கும். மரபணு மாற்றிய பாப்லர் 1987இலேயே வந்துவிட்டது. களைக்கொல்லியான கிளைபோசேட்டைத் தாங்கும் மரபணுவை அதில் புகுத்தினார்கள். 2006இல் முழு மரபணுத் தொகையும் வெளியான முதல் மரமும் பாப்லர்தான். 19 ஜோடி குரோமோசோம், 50 கோடிக்குச் சற்றுக் குறைவான டிஎன்ஏ எழுத்துகள். மரங்களுக்குள் இது சிறியது. ஒப்பிட்டுப் பார்க்க, 2013இல் வெளியான நார்வே ஸ்ப்ரூஸின் தொகை சுமார் 2,000 கோடி எழுத்து.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. 2006இல் தொகை படிக்கப்பட்ட மரம் நிஸ்குவாலி-1 என்ற ஒரு தனி மரம். அதில் மரபணு மாற்றம் செய்வது எளிதல்ல. ஆய்வகங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 717-1பி4 என்ற பெண் கலப்பினத்தை. அது இரண்டு வேறு பாப்லர் இனங்களின் பிள்ளை. அதன் பெரும்பாலான மரபணுக்களில் தாய்வழிப் பிரதி ஒரு மாதிரியும் தந்தைவழிப் பிரதி வேறு மாதிரியும் இருக்கும். மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் பகுதிக்கு வரும்போது இந்த வேறுபாடு காலை வாரிவிடும்.

மரபணுவைக் கொண்டுபோகும் வண்டி

ஆக்ரோபாக்டீரியம் இயற்கையில் செடிகளின் அடித்தண்டில் கழலை உண்டாக்கும் மண் பாக்டீரியா. பிளாஸ்மிட் என்ற தன் வட்ட டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, அதன் குரோமோசோமிலேயே ஒட்டவைத்துவிடும். அந்தத் துண்டுக்கு டி-டிஎன்ஏ என்று பெயர். இரு முனையிலும் 25 எழுத்து நீளமுள்ள எல்லைக்கற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே எது இருந்தாலும் பாக்டீரியா அனுப்பிவைக்கும். ஆய்வாளர்கள் கழலை உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்களுக்கு வேண்டியதை வைக்கிறார்கள்.

வேண்டியது என்றால் குறைந்தது இரண்டு. ஒன்று, ஆராய வேண்டிய மரபணு, அதை இயக்கும் புரோமோட்டரோடும் நிறுத்தும் டெர்மினேட்டரோடும். மற்றது, மாற்றம் பெற்ற செல்லை மட்டும் பிழைக்கவைக்கும் தேர்வுக் குறியீடு. பெரும்பாலும் கனாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கவைக்கும் என்பிடி-2 மரபணு. தொடக்கநிலையில் எல்லோரும் 35எஸ் என்ற வைரஸ் புரோமோட்டரைத்தான் எடுப்பார்கள். அது இலை, வேர், கட்டை என்று பாராமல் எங்கும் மரபணுவை இயக்கும். மரக்கட்டையைப் பற்றிய கேள்வி என்றால் இது தொல்லை. கட்டையில் மட்டும் வேண்டிய மாற்றம் இலையிலும் நடந்து செடி குட்டையாகும். அந்தக் குட்டைத்தனம் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். கட்டையாகும் திசுவான சைலத்தில் மட்டும் இயங்கும் புரோமோட்டரை முதலிலேயே தேர்ந்தெடுப்பது நல்லது.

தட்டில் நடப்பது

முதலில் மூலச்செடி. பாதி அடர்த்தி எம்எஸ் என்ற சத்து ஊடகத்தில் ஜாடிக்குள் வளர்ந்த, 4 முதல் 6 வாரம் வயதுள்ள செடிதான் நல்லது. மேலிருந்து முழுதாக விரிந்த மூன்று நான்கு இலைகளை மட்டும் எடுக்க வேண்டும். அடியிலைகள் முற்றியவை, அவை பழுப்பேறிச் சாகும். மூலச்செடி சோர்ந்திருந்தால் பிறகு எந்த ஹார்மோனும் அதைக் காப்பாற்றாது. தோல்விகளில் பாதி இந்த ஜாடியில்தான் தொடங்குகிறது. அதைச் சரிபார்க்காமல் பாக்டீரியாவின் மேல் பழி போடுகிறார்கள்.

பாக்டீரியாவைத் தொடும் முன்பே முடிக்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. மாற்றம் எதுவும் செய்யாத இலைத்துண்டுகளை லிட்டருக்கு 0, 10, 25, 50, 75, 100 மில்லிகிராம் கனாமைசின் உள்ள தட்டுகளில் வைத்து 4 முதல் 6 வாரம் பார்க்க வேண்டும். எந்தக் குறைந்த அளவில் ஒரு தளிர்கூட வராமல் நிற்கிறதோ அதுதான் தேர்வு அளவு. 717 கலப்பினத்துக்கு வழக்கமாக 50. கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 100 போட்டால், மாற்றம் பெற்ற சில செல்களும் சுற்றிலும் அழுகும் பிணக்குவியலுக்கு நடுவே மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

இனி வேலை. இலைக்காம்பை நறுக்கிவிட்டு, நடுநரம்பின் குறுக்கே கூரான கத்தியால் இரண்டு மூன்று கீறல். தண்டானால் அரை சென்டிமீட்டர் துண்டுகள். மழுங்கிய கத்தி செல்களை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய ஓரத்திலிருந்து எதுவும் முளைக்காது. இந்தத் துண்டுகளை, கேலஸ் என்ற உருவற்ற செல்திரளை உண்டாக்கும் ஊடகத்தில் இருட்டில் இரண்டு நாள் வைக்கிறோம். செல்கள் பிரியத் தொடங்கும். பிரியும் செல்தான் டிஎன்ஏவை எளிதில் ஏற்கும்.

அதற்குள் பாக்டீரியாவை 28 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, சுழற்றி வண்டலாக்கி, திரவ எம்எஸ் ஊடகத்தில் கலக்க வேண்டும். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5 முதல் 0.6 வரை இருந்தால் போதும். அதில் அசிட்டோசிரிங்கோன் சேர்க்கிறோம். பலர் 100 மைக்ரோமோலார் போடுவார்கள், குறைவாகப் போடுபவர்களும் உண்டு. காயம்பட்ட செடி தானாகவே வெளியிடும் ஃபீனால் வகைப் பொருள் அது. பாக்டீரியா அதை மோந்துதான் டிஎன்ஏவை அனுப்பும் இயந்திரத்தை முடுக்குகிறது. துண்டுகளை இக்கரைசலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மெதுவாகக் குலுக்கி, வடிதாளில் ஒற்றியெடுத்து, ஆன்டிபயாட்டிக் இல்லாத தட்டில் இருட்டில் 22 டிகிரியில் இரண்டு நாள் விட வேண்டும். வெப்பம் 28ஐத் தாண்டினால் அந்த இயந்திரம் தடுமாறும், பாக்டீரியா மட்டும் கொழிக்கும். இரண்டு நாள் மூன்று நான்கானாலும் இதே கதை: துண்டைச் சுற்றி வழவழப்பான வெள்ளை வளையம் தெரியும். அதற்குப் பிறகு கழுவிப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கழுவுவது என்றால் ஏதோ ஒரு முறை அலசுவதல்ல. கிருமிநீக்கிய நீரில் நான்கைந்து முறை, நீர் கலங்காமல் தெளிவாக வரும் வரை. பிறகு கனாமைசினோடு செஃபோடாக்சிம் 250 மில்லிகிராமும் டைமென்டின் 500 மில்லிகிராமும் லிட்டருக்குச் சேர்த்த கேலஸ் ஊடகத்தில் 21 நாள் இருட்டு. பாக்டீரியாவைக் கொல்லக் கார்பெனிசிலினும் வழக்கத்தில் உண்டு. ஆனால் அது சிதையும்போது ஆக்சின் என்ற ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள் உண்டாகும். ஹார்மோன் கணக்கை அது குழப்பும்.

ஹார்மோன் கணக்கு என்ன? கேலஸ் ஊடகத்தில் ஆக்சின் கை ஓங்கியிருக்கும்: என்ஏஏ என்ற ஆக்சின் 10 மைக்ரோமோலார், 2ஐபி என்ற சைட்டோகைனின் ஹார்மோன் 5 மைக்ரோமோலார். தளிர் ஊடகத்தில் சைட்டோகைனின் மட்டும்: டிடிஇசட் 0.2 மைக்ரோமோலார். தளிர் நீள்வதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.02. வேருக்குப் பாதி அடர்த்தி எம்எஸ், ஐபிஏ என்ற ஆக்சின் 0.5 மைக்ரோமோலார்.

டிடிஇசட் 0.2 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு 44 மைக்ரோகிராம். எந்தத் தராசிலும் இதை நேரடியாக நிறுக்க முடியாது. 22 மில்லிகிராமை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 100 மில்லியாக்கினால் 1 மில்லிமோலார் இருப்புக்கரைசல் கிடைக்கும். லிட்டருக்கு அதில் 0.2 மில்லி. இந்தப் புள்ளியை ஒரு இடம் தள்ளி 2 மில்லி ஊற்றுவது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. ஒரு மாதம் கழித்துக் காலிஃபிளவர் போல நெருங்கிய குட்டைத் தளிர்க்கொத்து வரும். எவ்வளவு காத்தாலும் நீளாது. இன்னொன்று: ஆன்டிபயாட்டிக்குகளை, நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கும் ஆட்டோக்ளேவில் வைக்கக் கூடாது. ஊடகத்தை 121 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்து, ஜாடியைக் கையில் பிடிக்கும் அளவுக்கு, 50 முதல் 55 டிகிரிக்கு, ஆறிய பிறகே வடிகட்டிய ஆன்டிபயாட்டிக்கைச் சேர்க்க வேண்டும். ஊடகத்தின் பிஎச் வேகவைக்கும் முன் 5.8. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றாவிட்டால் செஃபோடாக்சிம் வீரியம் இழக்கும். ஒளிந்திருந்த பாக்டீரியா மறுபடி தலைகாட்டும்.

21 நாள் கழித்து 16 மணி நேர வெளிச்சத்தில் தளிர் ஊடகத்துக்கு மாற்றியதும், வெளிறிய கேலஸ் மேட்டில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒன்று இரண்டு மாதத்தில் தளிர். இங்கே ஒரு கண்டிப்பு தேவை: ஒரு துண்டிலிருந்து ஒரு தளிர் மட்டும். பக்கத்துப் பக்கத்தில் முளைத்த ஐந்து தளிரும் ஒரே செல்லின் வாரிசாக இருக்கலாம். அவற்றை ஐந்து தனி மரங்களாக எண்ணினால் பிறகு செய்யும் புள்ளியியல் முழுக்கப் பொய்யாகிவிடும். ஒரு தனிச் செல்லில் நடந்த ஒரு தனி நுழைவைத்தான் இத்துறையில் ஈவென்ட் என்பார்கள்.

தளிர் வந்துவிட்டது என்பதால் அதில் மரபணு இருக்கிறது என்று ஆகாது. அக்கம்பக்கத்துச் செல்களின் நிழலில் கனாமைசினிலிருந்து தப்பிய தளிர்கள் எப்போதும் உண்டு. வேர் ஊடகம்தான் நல்ல வடிகட்டி. தளிரின் அடியைக் கேலஸ் ஒட்டாமல் வெட்டி, லிட்டருக்கு 25 மில்லிகிராம் கனாமைசின் உள்ள வேர் ஊடகத்தில் குத்தினால், தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் வேர்விடாமல் வெளிறிப்போகும். இலைத்துண்டு முதல் வேர்விட்ட செடி வரை பாப்லருக்கு நான்கு முதல் ஆறு மாதம்.

தளிர்கள் கண்ணாடி போல நீர் கோத்து, நொறுங்கும்படி வந்தால் ஜாடிக்குள் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம். ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகாரைக் கொஞ்சம் கூட்டி, காற்றோடும் மூடி போட்டால் பெரும்பாலும் சரியாகும். யூகலிப்டஸ் போன்ற மரங்களில் வெட்டிய சில மணி நேரத்திலேயே ஃபீனால்கள் கசிந்து ஊடகமே பழுப்பாகும். இருட்டில் வைப்பதும், அஸ்கார்பிக் அமிலம் அல்லது பிவிபி சேர்ப்பதும், அடிக்கடி தட்டு மாற்றுவதும் ஓரளவு உதவும். முழு மரமாக்கக் கைகொடுக்காத யூகலிப்டஸ் வகைகளில், ஆக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற உறவுப் பாக்டீரியாவைக் கொண்டு வேரை மட்டும் மாற்றி, மேலே சாதாரணத் தண்டை விட்டுவைக்கும் குறுக்குவழியும் இருக்கிறது. மரபணு வேலை செய்கிறதா என்று சில வாரத்தில் பார்க்க அது போதும்.

பைனும் ஸ்ப்ரூஸும் வேறு பாதையில் போகின்றன. முற்றாத விதையிலிருந்து கருத்திசு வளர்த்து, அதில் ஆக்ரோபாக்டீரியம் கொண்டோ மரபணுத் துப்பாக்கி கொண்டோ டிஎன்ஏவைச் செலுத்தி, அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கொடுத்துக் கருக்களை முதிரவைத்து முளைக்கவிடுவார்கள். ஒரு பெரும் வசதி: கருத்திசுவைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைக்கலாம். வயலில் மரம் வளர்ந்து விடை சொல்லும் வரை அதே ஈவென்ட் இளமை மாறாமல் காத்திருக்கும்.

உள்ளே இருப்பது நாம் வைத்ததுதானா?

முதல் சோதனை, ஒரு டிஎன்ஏ பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர். இதில் ஒரு பொறி இருக்கிறது. இலைக்குள் நாலு பாக்டீரியா உயிரோடு ஒளிந்திருந்தாலும் அவற்றின் பிளாஸ்மிடிலிருந்தே, மரபணு இருப்பதாகக் காட்டும் பிசிஆர் பட்டை வரும். அதனால் எல்லைக்கற்களுக்கு வெளியே இருக்கும் பகுதிக்கோ, பாக்டீரியாவுக்கே உரிய ஒரு மரபணுவுக்கோ இன்னொரு பிசிஆரும் கூடவே வைக்க வேண்டும். அதுவும் பட்டை காட்டினால் பாக்டீரியா மிச்சமிருக்கிறது, அல்லது பிளாஸ்மிடின் முதுகெலும்பும் சேர்ந்து மரத்துக்குள் போயிருக்கிறது. இரண்டுமே வேண்டாதவை.

அடுத்து எத்தனை பிரதி நுழைந்திருக்கிறது என்பது. சதர்ன் பிளாட் அல்லது டிஜிட்டல் பிசிஆர் இதைச் சொல்லும். ஒரே பிரதி உள்ள ஈவென்ட்தான் நம்பகமானது. பல பிரதிகள் நுழைந்தால் மரம் அவற்றை அடக்கிவிடுவது அடிக்கடி நடக்கும். டி-டிஎன்ஏ குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. உறங்கும் பகுதியில் விழுந்தால் மரபணு முனகும், சுறுசுறுப்பான பகுதியில் விழுந்தால் கத்தும். ஆகவே ஒரு கட்டமைப்புக்கு 10 முதல் 20 தனி ஈவென்ட்டுகள் வேண்டும். ஒப்பீட்டுக்கு, பாக்டீரியா படாமல் இதே ஊடகங்கள் வழியாகவே வந்த செடிகளும் இருக்க வேண்டும். கேலஸ் நிலையே சில செடிகளில் பிறழ்வை உண்டாக்கும். நர்சரியிலிருந்து நேரே எடுத்த செடியோடு ஒப்பிட்டால் அந்தப் பிறழ்வை மரபணுவின் விளைவு என்று எழுதிவிடுவோம்.

கிரிஸ்பர் வந்த பிறகு

பாப்லரில் கிரிஸ்பர் 2015இல் வந்தது. நிறமியைக் காக்கும் பிடிஎஸ் மரபணுவைக் கெடுத்து வெள்ளைத் தளிர்கள் எடுத்த ஆய்வும், கட்டைக்கு உறுதி தரும் லிக்னினை உண்டாக்கும் பாதையிலுள்ள 4சிஎல் மரபணுவை 717 கலப்பினத்தில் கெடுத்த ஆய்வும் அந்த ஆண்டில் வெளியாயின. தொடங்குபவர்களுக்கு பிடிஎஸ் அருமையான பயிற்சி: வேலை நடந்ததா என்பதைத் தளிரின் நிறமே காட்டிவிடும்.

முன்னே சொன்ன சங்கடம் இங்கே வந்து நிற்கிறது. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ 20 எழுத்து நீளம். நிஸ்குவாலி-1இன் தொகையைப் பார்த்து அதை வடிவமைத்து 717இல் போட்டால், ஓர் எழுத்து வேறுபாடு இருந்தாலும் அந்தப் பிரதி வெட்டுப்படாமல் தப்பலாம். ஒரு பிரதி தப்பினாலே மரம் இயல்பாக நிற்கும். நாமோ இந்த மரபணுவுக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டுவோம். ஆகவே கையில் இருக்கும் மரத்தின் அந்தப் பகுதியை முதலில் பெருக்கிப் படித்து, இரு பிரதியிலும் பொருந்தும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: பயிர்களில் திருத்தம் முடிந்ததும், வெட்டும் நொதியான கேஸ்9இன் மரபணுவை அடுத்த தலைமுறையில் கழித்துவிடலாம். பாப்லரில் அடுத்த தலைமுறைக்குப் பல ஆண்டு. வந்தாலும் அது அதே கலப்பினமாக இருக்காது. கேஸ்9 மரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

ஜாடியிலிருந்து மண்ணுக்கு

ஜாடிச் செடியின் இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் ஒழுங்காக மூடாது. வெளியே எடுத்து வைத்த சில நிமிடத்தில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவ வேண்டும். அதிலுள்ள சர்க்கரைக்குப் பூஞ்சை ஓடிவரும். பீட்டும் பெர்லைட்டும் கலந்த தொட்டியில் நட்டு, ஒளி புகும் மூடி போட்டு, முதல் வாரம் திறக்காமல், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, இரண்டு மூன்று வாரத்தில் முழுதாக எடுத்துவிடலாம்.

பசுமைக்குடிலில் ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் குச்சி வெட்டிக் குறைந்தது நாலைந்து பிரதிச் செடிகள் வேண்டும். கட்டையை ஆராய்பவர்கள் முதல் நாளிலிருந்தே செடிக்கு ஊன்றுகோல் கொடுத்துவிட வேண்டும். பாப்லர் சாய்ந்தால் சாய்வின் மேற்புறத்தில் இழுவைக்கட்டை என்ற தனிக் கட்டை உண்டாகும். அதன் நார்களில் செல்லுலோஸ் அடர்ந்த உள்ளுறை ஒன்று சேர்வதால் லிக்னின் விகிதம் குறையும். ஊன்றுகோல் கொடுக்காத ஒரு செடி, மரபணுவே இல்லாமல் லிக்னின் குறைந்த மரமாகக் கணக்கில் ஏறிவிடும்.

குடிலில் நன்றாக இருப்பது வயலிலும் நன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. 1999இல் 4சிஎல் மரபணுவை அடக்கிய ஆஸ்பென் என்ற பாப்லர் வகைச் செடிகளில் லிக்னின் 45 சதவீதம் வரை குறைந்தது. செடிகளும் குடிலில் செழித்தன. பின்னாளில் இதே மரபணுவை அடக்கிய வேறு பாப்லர்களை வயலில் வளர்த்தபோது, லிக்னின் மிகவும் குறைந்தவை குட்டையாகின, கட்டை பழுப்பேறியது. வயலுக்குப் போக அந்தந்த நாட்டின் அனுமதி வேண்டும். மகரந்தம் காற்றில் பரவும் என்பதால் பெரும்பாலும் பூக்கும் முன்பே வெட்டிவிடும் நிபந்தனை இருக்கும். பூக்காமலே செய்துவிடலாமா என்பதும் ஓர் ஆய்வு: பூவாக்கத்தை முடுக்கும் லீஃபி மரபணுவை அடக்கிய பாப்லர்கள் வயல் சோதனையில் மலட்டுப் பூங்கொத்துகளோடு நின்றதை 2016இல் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. இது அலுவலக வேலை போலத் தோன்றும், அப்படி இல்லை. பூஞ்சை நோயால் காடுகளிலிருந்து ஏறத்தாழ அழிந்துபோன அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தைக் காப்பாற்றக் கோதுமையிலிருந்து ஆக்சலேட் ஆக்சிடேஸ் மரபணுவைப் புகுத்தினார்கள். பூஞ்சை விடும் ஆக்சாலிக் அமிலத்தை அது சிதைத்துவிடும். டார்லிங் 58 என்ற ஈவென்ட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் கலப்பினம் செய்து, அனுமதிக்கும் விண்ணப்பித்தார்கள். 2023இல்தான் தெரிந்தது, அந்த மரங்கள் டார்லிங் 58 அல்ல, டார்லிங் 54 என்று. அதில் டி-டிஎன்ஏ விழுந்திருந்தது மரத்தின் சொந்த மரபணுவான சால்1இன் நடுவே. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை இதற்கான ஆதரவையே விலக்கிக்கொண்டது.

இரண்டு ஈவென்ட்டிலும் புகுத்திய மரபணு ஒன்றே என்பதால் அந்த மரபணுவுக்கான பிசிஆர் இரண்டிலும் ஒரே பட்டையைத்தான் காட்டும். வேறுபடுத்த நம்பகமான வழி, டி-டிஎன்ஏ முடிந்து குரோமோசோம் தொடங்கும் சந்தியைப் படித்து, பிசிஆர் பெருக்கும் பகுதியின் எல்லையைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரில் ஒன்றை டி-டிஎன்ஏவிலும் இன்னொன்றைப் பக்கத்துக் குரோமோசோம் பகுதியிலும் வைப்பது. ஈவென்ட் ஒன்றுக்கு இப்படி ஒரு ஜோடி பிரைமர் தயாராக இருக்க வேண்டும். ஜாடியிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து வயலுக்கு, மகரந்தம் எடுக்கும் முன் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓர் இலைத்துண்டு எடுத்து அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.